கடம் நடுமேடைக்கு வந்த கதை

சென்னை கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரு பையன் கடம் கற்றுக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சம்மணமிட்டு உட்காருவான். குடத்தின் வாயை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பிறகுதான் கையால் வாசிப்பான். செங்குன்றம் சாலை லாரிகளின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்தச் சொற்கட்டு எங்கள் வீட்டு ஜன்னல்வரை தெளிவாக வந்து சேரும். அவன் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். வீட்டில் வேறு யாருக்கும் சங்கீதம் தெரியாது.

சில மாதங்களுக்கு முன் தன் கைப்பேசியில் ஒரு பழைய காணொளியை எனக்குக் காட்டினான். 1970களில் எடுத்தது. தரையில் விரிப்பு, அதன்மேல் நான்கு பேர். தபலாவும் கடமும் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. கடம் வாசிப்பவர் விக்கு விநாயக்ராம் என்பது அவனுக்குத் தெரியும்; அவரைத்தான் அவன் தினமும் கேட்கிறான். தபலா ஜாகிர் உசேன் என்பதும் தெரியும். கிதாரை மடியில் கிடத்திவிட்டுத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஐரோப்பியரைச் சுட்டிக்காட்டிக் கேட்டான்: “இந்த வெள்ளைக்காரர் யார் சார்? தாளம் சரியாப் போடுறாரே!”

அவர் ஜான் மெக்லாஃப்லின். 1942 ஜனவரி 4ஆம் தேதி இங்கிலாந்தின் டான்காஸ்டரில் பிறந்தவர், ஜாஸ் கிதார் கலைஞர், பல இசைக்குழுக்களை நடத்தியவர். அன்றைக்கு அவனுக்கு இவ்வளவுதான் சொன்னேன். ஆனால் அவன் கேள்வியில் இரண்டாவது பாதி என்னை விடவில்லை. தலைவரே கிதாரை வைத்துவிட்டு அடுத்தவருக்குத் தாளம் போடுகிறார் என்றால், ஒரு குழுத்தலைவரின் செல்வாக்கை எதைக்கொண்டு அளப்பது? அவரைப் போலவே வாசிக்க முயன்றவர்களை எண்ணலாம். வழக்கமாக அப்படித்தான் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் மெக்லாஃப்லினின் வேகமான கிதார் வாசிப்புக்கு உலகெங்கும் வாரிசுகள் உண்டு. என் பார்வையில் அதைவிடக் கனமான கணக்கு ஒன்று இருக்கிறது: அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது. அந்தக் கணக்கைப் போட மற்ற ஊர்களைவிடச் சென்னையே பொருத்தமான இடம்.

தலைவர் என்பவர் யார்?

ஜாஸில் குழுத்தலைவர் என்ற சொல்லுக்கு நம் மேளக் கச்சேரியை அறிந்தவர்கள் எளிதில் பொருள் காண்பார்கள். நாகஸ்வர வித்வான் பெயரில்தான் செட்டு அறியப்படும். தவில்காரர் யார், உடன் வாசிப்பவர் யார் என்பதை அவரே தீர்மானிப்பார். ஆனால் தவிலுக்குத் தனி விட்டுவிட்டால் அந்த நேரம் தவிலுடையது. நல்ல தலைவர் அப்போது நாகஸ்வரத்தைக் கீழே வைத்துவிட்டு ரசிப்பார்.

ஜாஸின் பெரிய தலைவர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். டியூக் எலிங்டன் ஒரு வாத்தியத்துக்காக எழுதுவதைவிட, அதை வாசிக்கும் ஆளுக்காக எழுதினார். அந்த மனிதரின் மூச்சு எங்கே நிற்கும், எந்தச் சுரத்தில் குரல் கம்மும் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு அதற்கேற்ப எழுதினார். ட்ரம்பெட் கலைஞர் கூட்டி வில்லியம்ஸுக்காக 1940இல் எழுதிய இசைக்கு அவர் பெயரையே தலைப்பில் வைத்தார். சாக்ஸஃபோன் கலைஞர் ஹாரி கார்னி 1927இல் எலிங்டன் குழுவில் சேர்ந்து, 1974இல் எலிங்டன் மறையும்வரை அவருடனே இருந்தார். அதே ஆண்டில் தானும் மறைந்தார். நாற்பத்தேழு ஆண்டுகள் ஒருவர் ஒரே குழுவில் தங்கினார் என்றால், அங்கே அவருக்கென்று ஓர் இடம் இருந்தது என்றுதான் பொருள்.

மெக்லாஃப்லின் தலைமைப் பாடம் படித்தது இன்னொரு பள்ளியில். 1969 தொடக்கத்தில், டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸின் குழுவில் சேர்வதற்காக அவர் நியூயார்க் வந்தார். வந்த சில நாட்களிலேயே ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவுக்கு அழைப்பு வந்தது. பிப்ரவரியில் நடந்த அந்தப் பதிவில் மைல்ஸ் அவரிடம், கிதார் வாசிக்கவே தெரியாதவனைப் போல வாசி என்று சொன்னாராம். மெக்லாஃப்லின் பல பேட்டிகளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். எந்தச் சுரம் என்று மைல்ஸ் சொல்லவில்லை. கைப்பழக்கத்தை விட்டுவிடு என்பது மட்டுமே அந்தச் சொல்லின் சாரம். அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவான ‘பிட்சஸ் ப்ரூ’ இசைத்தட்டில் ஒரு பகுதிக்கு மைல்ஸ் ‘ஜான் மெக்லாஃப்லின்’ என்றே பெயர் சூட்டினார். உடன் வாசிப்பவரின் பெயரைத் தலைப்பாக்கும் எலிங்டனின் வழக்கம் அங்கும் வந்து சேர்ந்திருந்தது.

முதல் சந்திப்புகள்

ஜாஸும் கர்நாடக சங்கீதமும் மெக்லாஃப்லினுக்கு முன்பே சென்னையில் கைகுலுக்கியிருந்தன. 1958இல் அமெரிக்க அரசு அனுப்பிய கலைப் பயணத்தில் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக்கின் நால்வர் குழு மதராசுக்கு வந்தது. அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவும் மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளையும் இங்கே சேர்ந்து வாசித்தார்கள். பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் முருகபூபதி இவர்களோடு மிருதங்க மும்மூர்த்தி என்று வைத்துப் பேசப்பட்டவர் பழநி, இடக்கைக்காரர். ப்ரூபெக் ஊர் திரும்பி மறு ஆண்டு வெளியிட்ட ‘டைம் அவுட்’ இசைத்தட்டு, ஜாஸின் வழக்கமான நாலு எண்ணிக்கையை விட்டு ஐந்திலும் ஒன்பதிலும் நடந்தது. ஒன்பதின் வித்து இஸ்தான்புல் தெருவில் கேட்ட தாளம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இத்தகைய சந்திப்புகளின் அழகும் குறையும் ஒன்றே: ஒரு நாள் நிகழ்ந்து முடிந்துவிடும். விருந்தாளி வாசித்துவிட்டு விமானம் ஏறிவிடுவார். நிலைத்து நின்றவர்கள், நம் சங்கீதத்தை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள்தான். பழநியின் சீடர் திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் தாளக் கல்வியைக் கட்டி எழுப்பினார். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடகர் ராம்நாட் கிருஷ்ணன், அவர் சகோதரர் மிருதங்கக் கலைஞர் ராம்நாட் ராகவன் போன்றவர்கள் பாடம் நடத்தினார்கள். நம் கதையின் திருப்பம் அந்த வெஸ்லியனில்தான்.

மாணவராக உட்கார்ந்த தலைவர்

1971இல் மெக்லாஃப்லின் தொடங்கிய ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ மின்கிதாரும் டிரம்ஸும் இடியாய் முழங்கிய குழு. பெயர் அவருடைய குரு ஸ்ரீ சின்மய் இட்டது. ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ என்ற அவர்களுடைய இசை பதினெட்டு எண்ணிக்கையில் சுழல்கிறது. பெரிய அரங்குகள் நிறைந்தன, இசைத்தட்டுகள் விற்றன. புகழின் உச்சியில் இருந்த அந்தக் காலத்தில் அவர் வெஸ்லியனுக்குச் சென்று டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணைப் பாடம் கேட்டார்.

தமிழ் வாசகர்களுக்கு ராமநாதனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் இசை என்பதை ஆய்ந்து வெஸ்லியனிலேயே முனைவர் பட்டம் பெற்ற பாடகர், வைணிகர். ஊரே கொண்டாடும் ஒரு கிதார் கலைஞர் அவர் முன் தரையில் அமர்ந்து சரளி வரிசைக்காரரானார். செல்வாக்கு என்றால் தலைவரிடமிருந்து கீழே பாய்வது என்று நினைக்கிறோம். இங்கே அது முதலில் அவருக்குள் பாய்ந்தது.

பாடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. வீணையில் மெட்டுகளுக்கு இடையே பள்ளம் உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் வளைந்து கமகம் பிறக்கும். கிதாரில் மெட்டுகளுக்கு இடையே மரம் விரலைத் தடுக்கும். வீணையையே வாத்தியமாக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி அங்கே எழும். அவர் கிதாரையே மாற்றினார். ஏப்ரஹாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்காகச் செய்த கிதாரில் மெட்டுகளுக்கு இடையே மரம் குடைந்தெடுக்கப்பட்டிருந்தது. முக்கியத் தந்திகளுக்குக் குறுக்காக, அனுசுரத்துக்கென்று ஏழு துணைத் தந்திகளும் இருந்தன. தன் வாத்தியத்தை விடாமல் அடுத்தவர் இலக்கணத்துக்கு அதை வளைத்தது அவருடைய முதல் பாடம். பிறகு அவருடன் சேர்ந்த எல்லோருக்கும் அதே பாடம் ஏதாவது ஒரு வகையில் வாய்த்தது.

வெஸ்லியனில் எல். சங்கரும் மாணவராக இருந்தார். யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்த வி. லட்சுமிநாராயணாவின் மகன், வயலின் கலைஞர்கள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. இலங்கையில் வளர்ந்து, 1958 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்தவர். அவர் வயலினும் மெக்லாஃப்லின் கிதாரும் சேர்ந்தன. ஜாகிர் உசேன் தபலாவோடு வந்தார். ராகவன் மிருதங்கத்தை எடுத்துக்கொண்டார். கடத்துக்கு விக்கு விநாயக்ராம். குழுவின் பெயர் ‘சக்தி’.

தாளம் போடும் தலைவர்

1975 ஜூலை 5ஆம் தேதி நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் அவர்கள் வாசித்தது நேரடியாகப் பதிவாகி, மறு ஆண்டு முதல் இசைத்தட்டாக வந்தது. மகாவிஷ்ணுவின் மின்முழக்கத்தை எதிர்பார்த்த ரசிகர்களுக்கு, தரையில் அமர்ந்து மின்சாரமில்லாத கிதாரை வாசிப்பவர் புதியவராகத் தெரிந்திருப்பார். முதல் இசையான ‘ஜாய்’ பதினெட்டு நிமிடம் நிற்காமல் ஓடுகிறது. அதன் பாய்ச்சலில் மயங்காமல் கூர்ந்து கேட்டால் ஒன்று புலப்படும்: நம் கச்சேரி மேடையின் வரிசை அங்கே கலைந்திருக்கிறது.

சபா மேடையில் கடத்தின் இடம் எங்கே? நடுவில் பாடகர், ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகியவை உபபக்கவாத்தியம். பெயரிலேயே இரண்டு படி கீழே. மிருதங்கம் வழிகாட்டும், கடம் தொடரும். தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்து முடித்த பிறகே கடத்தின் முறை வரும். இந்த ஒழுங்கில் அழகு இருக்கிறது, கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் குடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று முழுதாய்க் காட்ட அங்கே நேரம் போதாது.

முதல் இசைத்தட்டுக்குப் பின் ராகவன் விலகினார், ஐவர் நால்வரானார்கள். மிருதங்கத்துக்கென்று தனி ஆள் இல்லை. ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ என்ற அடுத்த இரண்டு இசைத்தட்டுகளிலும் தெற்கத்தித் தாளத்தின் முழுப் பொறுப்பும் விநாயக்ராமின் கையில். எதிரே வடக்கத்தித் தபலா. வழிகாட்ட ஆள் இல்லாத இடத்தில் கடமே வழிகாட்டியது. பதின்மூன்று வயதில் பாடகர் வி. வி. சடகோபனுக்குக் கடம் வாசித்து மேடையேறியவருக்கு, முப்பத்து மூன்று வயதில் அந்த மேடை கிடைத்தது.

நாலு தாளச் சுற்று நீளத்தை இருவர் மாற்றி மாற்றி வாசிப்பது ஜாஸில் பழைய வழக்கம். நம் தனி ஆவர்த்தனத்தின் குறைப்பில் அந்த நீளம் படிப்படியாகச் சுருங்கி, கடைசியில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நெருங்கும். கேட்பவர் நாடி ஏறும் இடம் அது. சக்தியில் இந்த இரண்டு மரபும் ஒரே இடத்தில் சந்தித்தன. ஜாஸ் ரசிகருக்குக் குறைப்பு புதிராகப்படவில்லை. தனக்குத் தெரிந்த விளையாட்டின் கடினமான வடிவமாகவே அது பட்டது.

தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் ஒரு சிறு கணக்கை விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்றால் முப்பத்திரண்டு. ஒரு தட்டும் மூன்று விரலும் எண்ணி லகுவை முடியுங்கள். பாக்கி இரண்டு த்ருதம், அதாவது தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு, பதினாறு மாத்திரை. த்ருதத்தின் முதல் தட்டில் வாயைத் திறக்காதீர்கள், ஒரு மாத்திரையை விட்டுவிடுங்கள். அதன்பின் ‘ததிகிணதொம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லை மூன்று முறை சொல்லுங்கள். மூவைந்து பதினைந்து; விட்ட ஒன்றும் சேர்ந்து பதினாறு. முதல் ‘த’ தட்டுக்கு அடுத்த மாத்திரையில் விழும். இரண்டாவது, வீச்சின் மூன்றாம் மாத்திரையில். மூன்றாவது, அடுத்த தட்டின் நான்காம் மாத்திரையில். சொல் ஒன்றேதான், ஒவ்வொரு முறையும் தாளத்தை வேறொரு இடத்தில் தொடுகிறது. தடுமாறுவது போல் தோன்றும், கடைசி ‘தொம்’ முடிந்ததும் சமம் சரியாக வந்து நிற்கும். இதெல்லாம் நடப்பது, முதலில் விட்ட அந்த ஒரு மாத்திரையால். அதை விழுங்கிவிட்டால் கணக்கு மொத்தமும் ஒரு மாத்திரை முன்னால் போய் விழும்.

இந்தக் கணக்கை வாசிப்பவருக்கு எதிரில் ஒருவர் தாளத்தைப் பிசகாமல் போட்டாக வேண்டும். நம் மரபில் தனி ஆவர்த்தனத்தின்போது பாட்டை நிறுத்திவிட்டுத் தாளத்தைக் கையில் வைத்திருப்பவர் பிரதான வித்வான். கள்ளிக்குப்பத்துப் பையன் கைப்பேசியில் பார்த்தது அதைத்தான். கிதாரைக் கிடத்திவிட்டு, அடுத்தவரின் கணக்குக்குக் காவலாகத் தொடையில் கை வைத்திருந்த தலைவரை அவன் கண்டான். ஜாஸ் என்ற சொல் அவனுக்குத் தெரியாது. தலைமை என்பதை அவன் கண் சரியாகப் பிடித்துவிட்டது.

உடன் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

சக்தியின் முதல் காலம் 1978இல் முடிந்தது. இசைத்தட்டு நிறுவனம் எதிர்பார்த்த விற்பனை இல்லை. ஆனால் உறுப்பினர்களின் பாதைகளைப் பின்தொடர்ந்தால் கணக்கு வேறாக இருக்கிறது.

விநாயக்ராம் அமெரிக்கத் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் ‘பிளானெட் டிரம்’ குழுவில் ஜாகிரோடு சேர்ந்தார். உலக இசைக்கென முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருதை 1992இல் அதே பெயரில் வந்த இசைத்தட்டு பெற்றது. சென்னையில் அவர் தந்தை டி. ஆர். ஹரிஹர சர்மா 1958இல் தொடங்கிய ஸ்ரீ ஜெய கணேஷ் தாள வாத்திய வித்யாலயத்தைத் தொடர்ந்து நடத்தினார். 2014இல் பத்மபூஷண் பெற்றார். கடத்தைப் பார்த்திராத நாடுகளில் அதன் பெயரும் ஓசையும் பரவியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த வித்யாலயத்தில் நடந்த ஒன்று இந்தக் கதைக்கு மிக நெருக்கமானது. சுகன்யா ராம்கோபால் என்ற இளம்பெண்ணுக்குக் கடத்தின் மேல் ஆசை. குடத்தின் கெட்டியான மண்ணில் விரலால் அடித்து வாசிப்பது பெண்களுக்குக் கடினம் என்பது அன்றைய எண்ணம். விநாயக்ராமும் முதலில் தயங்கினார். அவர் கற்பிப்பதற்காக அமெரிக்கா சென்றிருந்த காலத்தில் ஹரிஹர சர்மா அந்தப் பெண்ணுக்குக் கடம் சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்த மகன், வாசிப்பைக் கேட்டு ஏற்றுக்கொண்டு தாமே மேலும் கற்பித்தார். கடக் கலைஞர்களில் முன்னோடிப் பெண்ணாக உயர்ந்த சுகன்யா, வெவ்வேறு சுருதிகளில் அமைந்த பல கடங்களைச் சுற்றி வைத்து வாசிக்கும் ‘கட தரங்’ என்ற முறையை உருவாக்கினார். மகளிர் மட்டுமே வாசிக்கும் ‘ஸ்த்ரீ தாள் தரங்’ குழுவை நடத்துகிறார். இதற்கு மெக்லாஃப்லின் காரணம் என்று நான் சொல்லவில்லை. பெருமை ஹரிஹர சர்மாவுக்கும் சுகன்யாவுக்கும் உரியது. ஆனால் கடல் தாண்டிக் கடம் பெற்ற மதிப்பு, இங்கே அதைக் கற்க விரும்பிய ஒவ்வொருவருக்கும் தைரியமாக வந்து சேர்ந்தது.

எல். சங்கர் வயலினைத் தன் கற்பனைக்கேற்ப மாற்றினார். பத்துத் தந்திகளோடு இரட்டைக் கழுத்து வயலின் செய்வித்து, கீழ் ஸ்தாயியின் ஆழத்திலிருந்து உச்சி வரை ஒரே வாத்தியத்தில் தொட்டார். 1980களின் தொடக்கத்தில் அதைக்கொண்டு வந்த இசைத்தட்டில் மிருதங்கம் வாசித்தவர் உமையாள்புரம் சிவராமன். உலகம் சுற்றிய வாத்தியம் கர்நாடக ராகத்துக்கே திரும்பி வந்தது.

1997இல் குழு ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மீண்டும் கூடியது. விரைவில் இரண்டு இளைஞர்கள் சேர்ந்தார்கள். ஒருவர் மாண்டலின் ஸ்ரீனிவாஸ். ஆந்திரத்தின் பாலகொல்லில் 1969இல் பிறந்து சென்னையில் வாழ்ந்தவர், சிறுவனாகவே சபாக்களை வியக்கவைத்தவர். மாண்டலினின் இரட்டைத் தந்திகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளைப் பூட்டி, மின்சார ஒலிபெருக்கத்தோடு கமகத்தைக் கொண்டு வந்தார். மெக்லாஃப்லின் மெட்டோடு நடத்திய போராட்டத்தை, அவரை அறியும் முன்பே பாலகனாக ஸ்ரீனிவாஸ் வேறு வழியில் வென்றிருந்தார். இருவரும் மேடையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சொல்லை எதிரொலித்தபோது, ஒரே மலையை இரு பக்கத்திலிருந்து ஏறியவர்கள் உச்சியில் சந்தித்தது போலிருந்தது. 2014 செப்டம்பர் 19இல், நாற்பத்தைந்து வயதில் ஸ்ரீனிவாஸ் சென்னையில் மறைந்தார். அந்த இழப்பை இன்னும் என்னால் லேசாக எழுத முடியவில்லை.

இன்னொருவர் விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ். தந்தையின் இடத்துக்கு வந்தவர் கஞ்சிராவோடு வந்தார். சிறிய வளையம், உடும்புத்தோல், ஒரு கை வாசிக்க மறுகை தோலை அழுத்திச் சுருதியை வளைக்கும். அதுவும் உபபக்கவாத்தியமே. தாத்தா, தந்தை, கஞ்சிரா மேதை ஜி. ஹரிசங்கர் ஆகியோரிடம் கற்ற வித்தையை அவர் பெரிய அரங்குகளில் தனித்துக் காட்டினார். 2009இல் வந்த ‘வெண்ணிலா கபடி குழு’வின் இசையமைப்பாளர் என்று அவரை நம் திரைரசிகர்கள் அறிவார்கள். 2007இல் அவரும் மெக்லாஃப்லினும் சேர்ந்து கொன்னக்கோலைப் படிப்படியாகக் கற்பிக்கும் காணொளிப் பாடம் ஒன்றை வெளியிட்டார்கள். மெக்லாஃப்லின் அதே ஆண்டு சென்னையில் இந்தியக் கலைஞர்களோடு ஒலிப்பதிவு செய்து ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’ இசைத்தட்டை மறு ஆண்டு வெளியிட்டார். இன்று மேலைநாட்டு டிரம்ஸ் கலைஞர்கள் பலர் ‘தகிட’வையும் ‘தகதகிட’வையும் சொல்லியே எண்ணுகிறார்கள், ஸ்டீவ் ஸ்மித் அவர்களில் நன்கு அறியப்பட்டவர். நம் தாத்தாக்கள் திண்ணையில் சொன்ன சொற்கட்டு அங்கே பாடமாகிவிட்டது.

எதிர்த்திசையிலும் இந்தக் கதவு திறந்தே இருந்தது. ராணிப்பேட்டையில் வளர்ந்து, கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கும் பிரசன்னா அமெரிக்காவின் பெர்க்லியில் ஜாஸ் பயின்றார். தமிழ்ப் பெற்றோரின் மகனான அமெரிக்கப் பியானோ கலைஞர் விஜய் ஐயரோடு சேர்ந்து ‘தீர்த்தா’ என்ற மூவர் குழுவில் வாசித்தார். ஒரு தலைமுறைக்கு முன் மெக்லாஃப்லின் ராமநாதனிடம் போய் உட்கார்ந்த பயணத்தின் மறுமுனை இது.

தீராத கேள்விகள்

நேர்மையாக இரண்டு மறுப்புகளையும் சொல்ல வேண்டும். முதல் இசைத்தட்டின் அட்டைத் தலைப்பில் ‘சக்தி’யோடு மெக்லாஃப்லின் பெயர் மட்டுமே இருந்தது. சந்தை அன்றைக்கு ஒரு மேலைநாட்டுப் பெயரைக் கேட்டது. மேடையில் கலைந்த வரிசை அட்டையில் கலையவில்லை. எலிங்டனும் மைல்ஸும் உடன் வாசித்தவர் பெயரைத் தலைப்பாக்கியதை எண்ணும்போது, அந்த அட்டை என்னை உறுத்துகிறது. உருப்படிகளில் பெரும்பாலானவற்றை மெக்லாஃப்லினும் சங்கரும் கூட்டாகவே அமைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு நம் பக்கம். உலகம் கடத்தை நடுவில் வைத்துக் கேட்டது. மார்கழி மேடையில் அது இன்னும் ஓரத்தில்தான் இருக்கிறது. அந்த மரபின் ஒழுங்கை உடைக்கச் சொல்வது என் நோக்கமல்ல. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காபி குடிக்கப் போகும் நம் பழக்கத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். மானாமதுரையில் வேளார் குடும்பங்கள் மண்ணைப் பிசைந்து, தட்டிச் சமன்செய்து, சூளையில் சுட்டு ஒரு குடத்தை உருவாக்குகின்றன. அந்தக் கலையில் மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதமி விருதே பெற்றிருக்கிறார். சுட்டபின் சுருதி பெரிதாக மாறாது. எத்தனை கட்டை என்பதை மண்ணாக இருக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். அவ்வளவு கவனத்தோடு வந்த குடத்துக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்பது நாம் தரக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

2023இல் வந்த சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ இசைத்தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தபோது, மேடையேறியவர்களில் செல்வகணேஷும் வயலின் கலைஞர் கணேஷ் ராஜகோபாலனும் பாடகர் சங்கர் மகாதேவனும் இருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 15இல் ஜாகிர் உசேன் மறைந்தார். ஐம்பது ஆண்டு உரையாடலில் ஒரு குரல் நின்றது. மெக்லாஃப்லினுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது.

போன ஞாயிறு பையன் என்னை மாடிக்குக் கூப்பிட்டான். தனி வாசிக்கப் போகிறானாம், தாளம் போட ஆள் வேண்டுமாம். எதிரில் உட்கார்ந்து ஆதி தாளம் போட்டேன். கடைசிக் கோர்வையில் சமத்துக்கு ஒரு மாத்திரை முன்னால் வந்து விழுந்தான். குடத்தில் கையை வைத்துச் சத்தத்தை அணைத்தான்.

“விட வேண்டிய ஒண்ணை விடாமப் போயிட்டேன் சார். இன்னொரு தரம் போடுங்க.”

தொடையில் தட்டினேன். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். த்ருதத்தின் தட்டு விழுந்தது. அவன் கைகள் குடத்துக்கு மேலே ஒரு மாத்திரை நின்றன.